மூன்றாண்டில் அடங்காத கணக்கு

2010 மார்ச் 30ஆம் தேதி, கலிஃபோர்னியாவின் ரோஸ்வில் நகரில், மகன் வீட்டில் கணித ஆசிரியர் ஹைமே எஸ்கலாந்தே காலமானார். வயது 79. சிறுநீர்ப்பையில் வந்த புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. இரண்டு நாள் கழித்து, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியின் வாசற்படிகளில் மாணவர்கள் கூடி நின்று மௌன அஞ்சலி செலுத்தினார்கள். எஸ்கலாந்தே அந்தப் பள்ளியை விட்டுப் போனது 1991இல். 2010இல் அங்கே படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அநேகமாக எல்லோருமே அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர் குரலை அவர்கள் வகுப்பில் கேட்டதில்லை. அவர் திருத்திய விடைத்தாள் ஒன்றுகூட அவர்கள் கைக்கு வந்ததில்லை. ஆனாலும் தலை குனிந்து நின்றார்கள். அந்தத் துக்கத்தில் பொய் எதுவுமில்லை. அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது ஒரு கதை. மறைந்த ஆசிரியர் அடுத்த தலைமுறைக்குக் கதையாகத்தான் போய்ச் சேருகிறார். அந்தக் கதையை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை இருக்கிறது. எஸ்கலாந்தேயின் கதையை நாம் சரியாகச் சொல்லவில்லை என்பது என் கட்சி. அன்பினால்தான் தப்பாகச் சொன்னோம். இருந்தாலும் தப்பு தப்புதான்.

அந்தக் கதையை உலகமெங்கும் கொண்டுபோனது 1988இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்’ என்ற திரைப்படம். ரமோன் மெனண்டெஸ் இயக்கினார். எஸ்கலாந்தேயாக நடித்த எட்வர்டு ஜேம்ஸ் ஓல்மோஸின் பெயர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மெக்ஸிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் நிறைந்த பள்ளி, பின்னக் கணக்கிலேயே தடுமாறும் வகுப்பு, புதிதாக வந்து சேரும் கணக்கு வாத்தியார். பார்க்கிறவர்கள் அசந்து போகும் வேகத்தில் அந்த வகுப்பு நுண்கணிதத் தேர்வில் தேறிவிடுகிறது. நல்ல படம், ஆசிரியர் வேலையின் மேல் எத்தனையோ பேருக்கு மதிப்பை உண்டாக்கிய படம். எஸ்கலாந்தேயே அதில் தொண்ணூறு பங்கு உண்மை, பத்துப் பங்கு நாடகம் என்று சொல்லியிருக்கிறார். எனக்குச் சிக்கல் அந்தப் பத்துப் பங்கில்தான். அந்தப் பத்துப் பங்கு இரண்டு பெரிய விஷயங்களை விழுங்கிவிட்டது. ஒன்று, அந்த வெற்றிக்குப் பிடித்த காலம். மற்றொன்று, அவருடன் நின்று தோள் கொடுத்தவர்கள். இந்த இரண்டும் போய்விட்டால் மிஞ்சுவது ஓர் அதிசய மனிதர். அதிசய மனிதர் செத்துப்போனால் அழலாம், சிலை வைக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. ஆனால் எஸ்கலாந்தே விட்டுச் சென்றது மற்றவர்கள் எடுத்துச் செய்யக்கூடிய ஒரு வேலை.

அவர் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930 டிசம்பர் 31இல் பொலிவியாவின் லா பாஸ் நகரில் பிறந்தவர். அங்கேயே பல ஆண்டுகள் கணிதமும் இயற்பியலும் கற்பித்து நல்ல பெயர் வாங்கியவர். 1960களில் அமெரிக்கா வந்தபோது அந்தப் பெயர் அங்கே செல்லவில்லை, பட்டமும் செல்லவில்லை. உணவகத்தில் தரை துடைத்தார். ஆங்கிலம் கற்றுக்கொண்டார். பரோஸ் என்ற கணினி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே மறுபடி கல்லூரியில் படித்து ஆசிரியர் சான்றிதழ் வாங்கினார். கையில் இருந்த நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு 1974இல் கார்ஃபீல்டில் சேர்ந்தார். அப்போது வயது நாற்பத்து மூன்று. பள்ளியின் அங்கீகாரமே பறிபோய்விடுமோ என்ற நிலைமை. கொடுத்த வகுப்பு அடிப்படைக் கணக்கு.

இனி எண்களைப் பார்ப்போம். படம் காட்டும் தேர்வுக்கு ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்று பெயர். கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் பள்ளியில் இருக்கும்போதே படித்து நாடு முழுவதும் ஒரே நாளில் எழுதும் தேர்வு. மதிப்பெண் ஒன்றிலிருந்து ஐந்து வரை. மூன்றும் அதற்கு மேலும் தேர்ச்சி. பல கல்லூரிகள் அதை ஏற்றுக்கொண்டு முதலாண்டுப் பாடத்திலிருந்து விலக்குத் தருகின்றன. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த விலக்கு கல்லூரிக் கட்டணத்தில் மிச்சப்படும் காசு. எஸ்கலாந்தே இந்த நுண்கணித வகுப்பை முதன்முதலாகத் தொடங்கியது 1978இல், பள்ளிக்கு வந்து நான்கு வருஷம் கழித்து. பதினான்கு பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் ஐந்து பேர். தேறியவர்கள் இரண்டே பேர். அடுத்த ஆண்டு ஒன்பது பேர் வகுப்பில் இருந்தார்கள், ஏழு பேர் தேறினார்கள். 1981இல் பதினைந்து பேரில் பதினான்கு பேர். படத்தில் வரும் 1982ஆம் வருஷம் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது. ஆக, அவர் கார்ஃபீல்டில் காலடி வைத்ததற்கும் உலகம் அவரைக் கவனித்ததற்கும் நடுவில் எட்டு வருஷம். அந்த எட்டு வருஷத்தைத்தான் படம் கண்ணிமைக்கும் நேரமாக்கிவிட்டது. மந்திரத்தில் மாங்காய் காய்ப்பதில்லை என்று நமக்குத் தெரியும். ஆனாலும் வாத்தியார் கதை என்று வந்துவிட்டால் மாங்காய் மந்திரத்தில்தான் காய்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஏன் அத்தனை வருஷம் பிடித்தது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அவருடைய வேலையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. கார்ஃபீல்டு அப்போது மூன்றாண்டுப் பள்ளி. பத்தாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை பன்னிரண்டு முடித்து வெளியேறும். கீழ்நிலைப் பள்ளிகள் அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருந்தது கூட்டல் கழித்தல் தரத்திலான அடிப்படைக் கணக்கு மட்டும்தான். நுண்கணிதத்துக்குள் நுழைவதற்கு முன் இயற்கணிதம் வேண்டும், வடிவியல் வேண்டும், இரண்டாம் நிலை இயற்கணிதம், முக்கோணவியல், பகுமுறைக் கணிதம் எல்லாம் வேண்டும். அமெரிக்கப் பள்ளிகளில் இவை ஒன்றின் மேல் ஒன்றாக, வருஷத்துக்கு ஒன்றாக அடுக்கப்பட்ட பாடங்கள். கையில் இருப்பதோ மூன்றே வருஷம். ஒரு மாணவி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், எவ்வளவு ஆசையோடு படித்தாலும், வருஷந்தோறும் கணக்குப் பாடமே எடுத்தாலும், பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் நுண்கணிதத்தின் வாசலுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது. அவளுடைய அறிவிலோ அக்கறையிலோ குறை ஏதுமில்லை. கால அட்டவணை அப்படி அமைந்திருந்தது. வசதியான பகுதிகளில் கீழ்வகுப்பிலேயே இயற்கணிதத்தை முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சுவர் கண்ணில் படுவதே இல்லை. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பிள்ளைகள் அதில் முட்டிக்கொண்டு, தங்களுக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டிக்கொண்டார்கள்.

இந்தச் சுவரைக் கண்டுபிடித்ததும், அதை இரண்டு பக்கத்திலிருந்தும் இடித்ததும்தான் எஸ்கலாந்தேயின் பெரிய சாதனை என்று நான் சொல்வேன். மேல் பக்கத்தில், கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரியோடு பேசி, கோடை விடுமுறையில் ஏழு வாரத் தீவிர வகுப்புகளை ஏற்பாடு செய்தார். ஒரு வருஷப் பாடத்தை ஒரு கோடையில் முடித்துவிட்டால் மூன்று வருஷம் ஐந்து வருஷத்தின் வேலையைச் செய்துவிடும். கீழ்ப் பக்கத்தில், கார்ஃபீல்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பள்ளிகள் எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே இயற்கணிதம் நடத்த வழி செய்யப்பட்டது. இடையில் தினமும் சிறு தேர்வு, பள்ளி தொடங்குமுன் படிப்பு, முடிந்த பின்னும் படிப்பு, படிப்பேன் என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட்டுத் தரும் ஒப்பந்தம். திரையில் காட்டினால் தூக்கம் வரும் சங்கதிகள்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் ஏணியில் கால் வைத்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் உச்சியில் நின்றதற்குக் காரணம் இந்தச் சங்கதிகள்.

இதை ஒற்றை ஆளாக யாராலும் செய்ய முடியாது, அவரும் செய்யவில்லை. பென் ஹிமினெஸ் என்ற ஆசிரியர் கூட நின்று, முன்னிலைப் பாடங்களையும் பிறகு நுண்கணிதத்தையும் நடத்தினார். முதல்நிலை வகுப்பில் அஸ்திவாரம் உறுதியாகப் போடப்பட்டதால்தான் கடைசி வகுப்பில் எஸ்கலாந்தே கூரை வேய முடிந்தது. அதைவிட முக்கியமானவர் ஹென்றி கிராடியாஸ். 1981இல் கார்ஃபீல்டின் முதல்வராக வந்தவர். அவருக்கு முந்தைய காலத்தில் எஸ்கலாந்தே காலையில் சீக்கிரம் வருகிறார், மாலையில் நேரம் கழித்துப் போகிறார், தேர்வுக் கட்டணத்துக்காக அனுமதியில்லாமல் பணம் திரட்டுகிறார் என்றெல்லாம் நிர்வாகம் அவரைக் கண்டித்திருந்தது; வேலை போய்விடும் என்ற எச்சரிக்கைகூட வந்தது. கிராடியாஸ் வந்ததும் காற்று திசை மாறியது. ஒழுங்கைக் கொண்டுவந்தார். மேலே ஏறாமல் பிள்ளைகளை ஒரே இடத்தில் உட்காரவைத்த அடிப்படைக் கணக்கு வகுப்புகளைக் குறைத்து, அந்த இடத்தில் இயற்கணித வகுப்புகளை வைத்தார். அப்படிச் செய்தால் முதல் வருஷத்தில் தோல்விகள் கூடும், பெற்றோர் வந்து கேட்பார்கள், மேலிடம் விளக்கம் கேட்கும். அதையெல்லாம் தாங்கிக்கொள்ள ஒரு முதல்வர் முன்வந்தால்தான் ஆசிரியரின் கனவு கால அட்டவணையில் ஏறும். நம் அஞ்சலிக் கூட்டங்களில் இப்படிப்பட்ட முதல்வரின் பெயர் அடிபடுவதே இல்லை.

1982ஆம் ஆண்டின் கதை உலகறிந்தது. பதினெட்டுப் பேர் எழுதினார்கள். பதினெட்டுப் பேரும் தேறினார்கள். தேர்வை நடத்திய எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் நிறுவனம் பதினான்கு பேருடைய விடைத்தாள்களில் ஐயம் எழுப்பியது. விரித்து எழுத வேண்டிய பகுதியின் ஆறாம் கேள்விக்கு ஒரே மாதிரியான பிழைகளோடு விடைகள் இருந்தன. மறுதேர்வுக்குப் பன்னிரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள், பன்னிரண்டு பேரும் தேறினார்கள். படம் இங்கே உணர்ச்சியின் உச்சத்துக்குப் போகிறது. இனப் பாகுபாட்டால் வந்த ஐயம் என்று காட்டுகிறது. எஸ்கலாந்தேயைப் பற்றி 1988இலேயே முழு நூல் எழுதிய வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையாளர் ஜே மேத்யூஸ் அவர்மேல் பெருமதிப்பு வைத்திருந்தவர். அந்த மாணவர்களில் பத்துப் பேரின் சம்மதத்தோடு ஆவணங்களைப் பார்த்தவர் அவர். ஒன்பது பேர் அந்த ஆறாம் கேள்வியில் ஒரே அற்பப் பிழையைச் செய்திருந்தார்கள் என்றும், தேர்வறையில் ஒரு துண்டுத்தாள் கைமாறியது என்று இரண்டு பேர் தம்மிடம் சொன்னார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இதைச் சொல்வது மறைந்தவருக்குச் செய்யும் அவமரியாதை என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு கேள்வியில் சிலர் தடுமாறி வழி தவறினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சில மாதம் கழித்து, வேறு வினாத்தாளோடு, எல்லோர் கண்ணும் தங்கள் மேல் இருக்க, அதே பிள்ளைகள் உட்கார்ந்து எழுதித் தேறினார்களே, அந்தக் கணக்கு யாருடைய துண்டுத்தாளிலிருந்தும் வந்திருக்க முடியாது. வருஷக்கணக்கான படிப்பிலிருந்துதான் வந்தது. மறுதேர்வுதான் எஸ்கலாந்தேயின் பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்த அசல் நற்சான்று. ஆறாம் கேள்வியை மூடிமறைத்துத்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை.

படம் முடியும் இடத்தில் உண்மையான வளர்ச்சி ஆரம்பிக்கிறது. 1983இல் முப்பத்து மூன்று பேர் எழுதி முப்பது பேர் தேறினார்கள். 1987இல் எண்பதுக்கும் மேற்பட்டோர். மேத்யூஸ் தரும் கணக்கு ஒன்று உண்டு: அந்த 1987இல் அமெரிக்கா முழுவதிலும் இந்த நுண்கணிதத் தேர்வில் தேறிய மெக்ஸிகோ வம்சாவளி மாணவர்களில் நூற்றுக்கு இருபத்தாறு பேர் கார்ஃபீல்டு என்ற ஒரே பள்ளியில் படித்தவர்கள். முதல் தடவை படிக்கும்போது இது பெருமையாகத் தெரியும். மறுபடி படித்தால் வேறொன்று உறைக்கும். கார்ஃபீல்டு பிள்ளைகள் மட்டும் தனி அறிவோடு பிறந்துவிடவில்லை. அதே மாதிரிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கான பள்ளிகளில் இருந்தார்கள். அங்கெல்லாம் ஏணி போடப்படவில்லை, அவ்வளவுதான். எஸ்கலாந்தேயின் வெற்றி, மற்ற பள்ளிகளைப் பற்றிச் சொல்லும் செய்தி இது. அவரை அதிசய மனிதர் என்று சொன்ன மறுநிமிஷம் அந்தச் செய்தி காதில் விழாமல் போய்விடுகிறது. அவர் அசாதாரணமானவர், நம்மிடம் அப்படி ஒருவர் இல்லை, நாம் என்ன செய்ய முடியும் என்று எல்லோரும் நிம்மதியாக உட்கார்ந்துவிடலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ‘அவர் போனதும் எல்லாம் சரிந்துவிட்டதே. அமைப்புதான் காரணம் என்றால் ஏன் சரிய வேண்டும்? ஆள்தானே காரணம்?’ என்று கேட்கலாம். சரிந்தது மெய். அவர் விலகிய சில ஆண்டுகளிலேயே கார்ஃபீல்டில் நுண்கணிதம் தேறுவோர் எண்ணிக்கை எண்பது விழுக்காட்டுக்கு மேல் வீழ்ந்தது. ஆனால் எந்த வரிசையில் சரிந்தது என்று பார்க்க வேண்டும். முதலில் போனவர் எஸ்கலாந்தே இல்லை; கிராடியாஸ். முனைவர் பட்டத்தை முடிக்க 1987இல் அவர் விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது கார்ஃபீல்டு அவருக்குக் கிடைக்கவில்லை. 2002இல் ரீசன் இதழில் இந்த வரலாற்றைத் தோண்டி எழுதிய ஜெரி ஜெஸ்னஸ், பள்ளிக் கட்டடங்களிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் வேலையை மேற்பார்வையிடும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டதாகப் பதிவு செய்கிறார். நாட்டின் மிகச் சிறந்த பள்ளி மாற்றங்களில் ஒன்றுக்குத் தலைமை தாங்கியவரைக் கல்நார் பெயர்ப்பதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். 1990இல் கணிதத் துறைத் தலைவர் பொறுப்பு எஸ்கலாந்தேயின் கையை விட்டுப் போனது. 1991இல் அவரும் போனார், ஹிமினெஸும் போனார். ஆக, அமைப்பு முதலில் கழற்றப்பட்டது. ஆள் பிறகு போனார்.

இன்னும் தெளிவான சாட்சி அடுத்த வருஷத்தில் கிடைக்கிறது. எஸ்கலாந்தே இல்லாத கார்ஃபீல்டில் ஆஞ்சலோ வில்லாவிசென்சியோ என்ற ஆசிரியர் பொறுப்பேற்று, மிச்சமிருந்த 107 மாணவர்களை இரண்டே வகுப்புகளில் வைத்து நடத்தினார். 67 பேர் தேர்வெழுதினார்கள், 47 பேர் தேறினார்கள். அவரைப் பற்றி யாரும் படமெடுக்கவில்லை. ஆனால் எழுதியவர்களில் பத்துக்கு ஏழு பேர் தேறியிருக்கிறார்கள், அதுவும் ஒரு வகுப்புக்கு ஐம்பது பேருக்கு மேல் அடைத்து வைத்து. ஏணி அப்படியே நின்றால் வேறொருவர் பிடித்துக்கொண்டாலும் பிள்ளைகள் ஏறுவார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? கூட்டத்தைப் பிரிக்க மூன்றாவது வகுப்பு ஒன்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். அவரும் விலகினார். 1996இல், பழைய வகுப்பை மீட்டெடுக்கத் திரும்பி வரத் தயார் என்று அவரே முன்வந்தபோதும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. மறுபக்கம் எஸ்கலாந்தே சேக்ரமெண்டோவின் ஹைரம் ஜான்சன் பள்ளிக்குப் போய் ஏழு ஆண்டுகள் கற்பித்தார். அதே மனிதர், அதே குரல், அதே ஊக்கம். கார்ஃபீல்டில் தொட்ட உயரத்தை அங்கே தொட முடியவில்லை. ஆள் இல்லாமல் ஏணி ஒரு வருஷமாவது நின்றது. ஏணி இல்லாமல் அந்த ஆளாலும் அவ்வளவு தூரம் ஏற்றிவிட முடியவில்லை.

கார்ஃபீல்டின் மற்ற ஆசிரியர்களை வில்லன்களாக்கிவிடுவதும் சுலபம், அதுவும் நியாயமில்லை. ஆசிரியர் சங்க ஒப்பந்தப்படி ஒரு வகுப்புக்கு முப்பத்தைந்து பேர்தான் எல்லை. எஸ்கலாந்தே வகுப்பில் ஐம்பதுக்கு மேல் உட்கார்ந்தார்கள். வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் சங்கத்தின் பக்கமும் யோசிக்க வேண்டும். ஒருவர் ஐம்பது பேரை வைத்துக்கொண்டு சாதித்தால், நாளைக்கு எல்லோர் தலையிலும் ஐம்பதைக் கட்டுவதற்கு நிர்வாகத்துக்கு அதுவே சாக்காகிவிடும். முப்பத்தைந்து என்ற எல்லையைப் போராடி வாங்கியவர்களுக்கு அந்த பயம் வருவது இயல்பு. இந்தச் சண்டைக்கு இரண்டு தரப்பும் வெல்லும் ஒரு தீர்வு இருந்தது: இன்னும் நான்கைந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்து வகுப்புகளைப் பிரிப்பது. அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும். அதிசய மனிதர் ஒருவர் இருக்கும்போது அந்தச் செலவு எதற்கு என்றுதான் எந்த நிர்வாகமும் நினைக்கும்.

அடுத்த மறுப்பு இதைவிட நெஞ்சைத் தொடுவது. ‘மாணவர்கள் நினைவில் வைத்திருப்பது கால அட்டவணையையா? அந்த மனிதரைத்தானே?’ ஆமாம். தட்டையான தொப்பி, வகுப்புக்குள் கொண்டுவந்த விளையாட்டுப் பொம்மைகள், சமையற்காரர் வேஷத்தில் கத்தியோடு வந்து ஆப்பிளை வெட்டிப் பங்கு கணக்கு விளக்கியது, கூடைப்பந்து ஆட்டத்தின் சொற்களைக் கணக்கு விதிகளுக்குச் சூட்டியது, ஸ்பானிய மொழியில் அவர் ஓயாமல் சொன்ன ‘கானாஸ்’. மனசு வைத்துச் செய்யும் ஆசை என்று அதைச் சொல்லலாம். ‘கிமோ’ என்று செல்லப் பெயர் வைத்து அவரைக் கூப்பிட்டவர்களுக்கு இவையெல்லாம்தான் எஸ்கலாந்தே. 2010இல் அவர் படுத்த படுக்கையானபோது மருத்துவச் செலவுக்குப் பணம் திரட்ட அந்தப் பழைய மாணவர்களும் ஓல்மோஸும் திரண்டு வந்தார்கள். அந்தப் பாசத்தை நான் எந்த எண்ணாலும் அளக்க மாட்டேன். நான் சொல்வது அவர்களுக்கானதும் இல்லை. அவர்களுக்கு அவர் வகுப்பு கிடைத்தது; நினைவு அவர்களுக்குச் சொந்தம். வகுப்பு கிடைக்காதவர்கள், கதையை மட்டும் கேட்டு வளரும் நாம், அந்தப் பொம்மையையும் தொப்பியையும் மட்டும் எடுத்துக்கொண்டால் அவர் அன்பின் முக்கால்வாசியைக் கீழே போட்டுவிடுகிறோம். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்காக ஒரு கல்லூரியின் படியேறி, கோடையில் அறை கேட்டு, கட்டணத்துக்கு வழி தேடி, கீழ்நிலைப் பள்ளியின் பாடத்தை மாற்றவைத்த அலைச்சலும் அன்புதான். அந்தப் பிள்ளைக்கு அது கண்ணில் பட்டிருக்காது. கண்ணில் படாத அந்த அன்பைத்தான் எழுதுகிறவர்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் வடிகட்டினார், தாக்குப்பிடிக்காதவர்களை உதிரவிட்டார் என்றும் ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. முதல் வருஷத்தின் பதினான்கு ஐந்தானதை வைத்துப் பார்த்தால் அதில் உண்மை உண்டு; ஏணி போடப்படாத வருஷத்தில் அப்படித்தான் நடக்கும். பிறகு கோடை வகுப்புகளும் முன்னிலைப் பாடங்களும் வந்ததும் உதிர்வது குறைந்ததை எண்களே காட்டுகின்றன. மேதைப் பிள்ளைகள் என்று தனியே முத்திரை குத்திப் பிரிப்பது அவருக்குப் பிடிக்காது. உழைக்கத் தயாராக வந்தவரைச் சேர்த்துக்கொண்டார். நாக்கு கடுமையானது, வகுப்பில் கேலி செய்வார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1998இல் கலிஃபோர்னியாவில் இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் ஒழித்துவிட்ட 227ஆம் முன்மொழிவுக்கு அவர் கௌரவத் தலைவராக நின்றதும், அதனால் அவருடைய சமூகத்திலேயே பலர் மனம் கசந்ததும் பதிவாகியிருக்கின்றன. அந்த நிலைப்பாடு தவறு என்று நான் நினைக்கிறேன். ஆனால் கார்ஃபீல்டில் அவர் கட்டியதை அது தொடவில்லை.

படத்தில் ஒரு காட்சி வருகிறது. ஓய்வில்லாமல் உழைத்த வாத்தியாருக்கு மாரடைப்பு வந்து மாடிப்படியில் சரிகிறார். நிஜத்தில் அவருக்கு வந்தது பித்தப்பை அழற்சி. சின்ன மாற்றம்தான், சினிமாவில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடலாம். எனக்கு விட மனசில்லை. பித்தப்பையை இதயமாக்கிய அந்த ஒரு மாற்றத்தில், நாம் ஆசிரியர்களிடம் எதிர்பார்ப்பது முழுவதும் தெரிகிறது. அவர்கள் தங்கள் இதயத்தைக் கொடுக்க வேண்டும், கொடுத்துச் சரிய வேண்டும், சரிந்த பிறகு நாம் கண் கலங்க வேண்டும். இந்தக் கதையைக் கேட்டு வேலைக்கு வரும் இருபத்திரண்டு வயது ஆசிரியை முதல் வருஷ முடிவில் இரண்டே பேர் தேறினால் தன்னிடம் அன்பு போதவில்லை என்று நினைத்துக்கொள்வாள். எஸ்கலாந்தேயின் முதல் வருஷமும் இரண்டு பேர்தான் என்று அவளிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு நான்கு வருஷம் அஸ்திவாரம் தேவைப்பட்டது என்றும், பக்கத்து வகுப்பில் ஒரு ஹிமினெஸும் முதல்வர் அறையில் ஒரு கிராடியாஸும் தேவைப்பட்டார்கள் என்றும் சொல்லியிருக்க வேண்டும். அவள் தன் பள்ளியில் அன்பைத் தேடி அலையாமல் ஆட்களைத் தேடுவாள், கோடைக்கு ஓர் அறை கேட்பாள்.

2016 ஜூலையில் அமெரிக்க அஞ்சல் துறை எஸ்கலாந்தேக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. தொப்பியும் கண்ணாடியுமாக அவர் நிற்கிறார். பின்னால் கரும்பலகையில் நுண்கணிதக் குறியீடுகள். ஒரு சின்னக் காகிதச் சதுரத்தில் அவ்வளவுதான் இடம், குறை சொல்ல முடியாது. அந்தக் குறியீடுகள் வகுப்பின் கடைசிப் பாடம். அவற்றுக்கு முன்னால் கரும்பலகையில் எழுதி அழித்த முக்கோணவியல், அதற்கு முன்னால் கோடையில் வியர்த்துக்கொண்டே எழுதிய இயற்கணிதம், அதற்கும் முன்னால் எட்டாம் வகுப்பில் வேறொரு பள்ளியில் வேறொரு ஆசிரியர் எழுதிய முதல் சமன்பாடு.

மறைந்த ஆசிரியர்களைப் பற்றிய இந்தத் தொடரில் அடுத்த வாரம் புடாபெஸ்ட் நகரின் லூத்தரன் பள்ளிக்குப் போவோம். யூஜின் விக்னருக்கும் ஜான் ஃபான் நாய்மனுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்த லாஸ்லோ ராட்ஸ் 1930இல் மறைந்தார். பள்ளி மாணவர்களுக்கென்று அவர் ஆண்டுக்கணக்கில் ஆசிரியராக இருந்து நடத்திய கணித இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.